புது வீட்டில் ஃபிளஷ்ஷுக்குத் தனி பைப் லைன்: விதி கேட்கிறதா, கேட்காவிட்டாலும் போடலாமா?

ஏரிக்கரை82:

வணக்கம். தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள், செம்பாக்கம் பக்கம் ஒரு கிரவுண்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே அப்பா அம்மா, மேலே நாங்கள் நான்கு பேர். மொத்தம் 6 பேர், 4 டாய்லெட். மேல் தளத்துக்கு ரூஃப் போட்டாகிவிட்டது, செங்கல் கட்டும் முடிந்தது. வருகிற வாரம் சுவரில் காடி வெட்டி பைப் புதைக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில்தான் ஒரு குழப்பம்.

டாய்லெட் ஃபிளஷ்ஷுக்கு மட்டும் தனி லைன், அதற்கு மாடியில் தனியாக ஒரு 500 லிட்டர் டேங்க் என்று கேட்டேன். எங்கள் இன்ஜினியர் கூடுதலாக 38,000 ரூபாய் ஆகும் என்கிறார். "தனி வீட்டுக்கு இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள் சார், அந்தக் காசுக்கு நல்ல ஷவர் வாங்கிப் போடுங்கள்" என்பது அவர் ஆலோசனை. நல்ல மனிதர்தான், ஏமாற்றுகிறவர் இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

காரணம் 2019. அப்போது மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். போர் வற்றிவிட்டது. ஜூன் மாதம் முழுக்க ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வருமா வராதா என்று மாற்றி மாற்றி விழித்திருந்தோம். அம்மா அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பச்சை பக்கெட்டில் சேர்த்து டாய்லெட் வாசலில் வைப்பார். ஒருமுறை ஃபிளஷ்ஷை அழுத்தினால் போகிற தண்ணீரில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிவிடலாமே என்று சொல்லி அப்பா ஃபிளஷ் தொட்டியான சிஸ்டர்னுக்குப் போகும் வால்வையே மூடிவிட்டார். அந்த வால்வை நாங்கள் திறக்கவே பல மாதம் ஆனது. அதனால் புது வீட்டில் நல்ல தண்ணீர் டாய்லெட்டுக்குள் போகக் கூடாது என்று ஒரு பிடிவாதம் எனக்கு.

என் கேள்விகள் இவை. புதுக் கட்டடங்களுக்கு இப்போது விதியில் என்ன இருக்கிறது? ஃபிளஷ் லைனைத் தனியாகப் போட்டால் உண்மையில் பயன் உண்டா? தண்ணீர் குறைவாக வரும் குழாய், ஷவர் எல்லாம் மாட்டினால் மேல் தளத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருமோ என்று மனைவி பயப்படுகிறார், அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள். மெட்ரோ வாட்டர் மாதிரி முறையான குடிநீர் இணைப்பு எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை, பாதாளச் சாக்கடையும் இல்லை, செப்டிக் டேங்க்தான். போர் இருக்கிறது, தண்ணீர் கொஞ்சம் உப்பு.

பழைய_பொறியாளர்:

தம்பி, விதியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், பைப் வேலை தெரிந்தவர்கள் மற்றதைச் சொல்லட்டும். உள்ளாட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

உங்களுக்குப் பொருந்துவது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. அதற்கு முன் சென்னைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடந்ததை அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒன்றாக்கினார்கள். மழைநீர் சேகரிப்பு அதில் கட்டாயம். அந்தக் கட்டாயம் புதிதல்ல, 2003-இல் பழைய வீடுகளுக்கும் சேர்த்தே கொண்டுவந்தது, உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். ஃபிளஷ்ஷுக்குத் தனி லைன் என்பது அப்படி எல்லோருக்குமான கட்டாயம் இல்லை. 20,000 சதுர மீட்டர், அதற்கு மேல் கட்டுகிறவர்கள் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி. அந்த அனுமதியின் நிபந்தனையாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும், சுத்திகரித்த நீரை ஃபிளஷ்ஷுக்குக் கொண்டுபோக இரட்டை பைப்பும் வருகின்றன. உங்கள் இன்ஜினியர் சொன்னது அந்த அளவில் சரி. சின்ன வீடுகளுக்கு நிறைவுச் சான்றிதழிலிருந்தே விலக்கு இருப்பதால் சுவருக்குள் என்ன போட்டீர்கள் என்று யாரும் வந்து பார்க்கப் போவதும் இல்லை.

அப்புறம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, நேஷனல் பில்டிங் கோட் என்பார்களே, அது. அதன் 9-ஆம் பகுதி பிளம்பிங் பற்றியது. ஆனால் அது வழிகாட்டி. மாநிலமோ உள்ளாட்சியோ தன் விதிக்குள் எடுத்துக்கொண்டால்தான் அதற்குக் கட்டாயம் என்ற பலம் வரும். இது தெரியாமல்தான் பலர் "கோடில் இருக்கிறது" என்று ஒரு பக்கமும் "ரூலில் இல்லை" என்று இன்னொரு பக்கமும் சண்டை போடுகிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நாங்கள் பல்லாண்டுகளாகப் போடும் கணக்கு. அதில் 45 லிட்டர் ஃபிளஷ்ஷுக்கு. மூன்றில் ஒரு பங்கு! குடிக்கிற தரத்துக்குச் சுத்தம் செய்து, குழாயில் அனுப்பி, பம்ப் போட்டு மாடிக்கு ஏற்றி, கடைசியில் அதை அப்படியே சாக்கடையில் விடுகிறோம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர், அந்தத் தண்ணீரிலும் ஒரு பங்கு டாய்லெட்டுக்குத்தான் போயிருக்கும். விதி கேட்கிறதோ இல்லையோ, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி.

குழாய், சிஸ்டர்ன் வாங்கும்போது கடைக்காரரிடம் ஐஎஸ் 17650 நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று கேளுங்கள். 2021-இல் வந்த தர நிர்ணயம். முதல் பகுதி பீங்கான் சாமான்களுக்கு, இரண்டாம் பகுதி குழாய், ஷவர் போன்றவற்றுக்கு. கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், அட்டைப்பெட்டியில் நீங்களே தேடிப் பாருங்கள்.

பைப்_அண்ணாச்சி:

ஏரிக்கரை சார், நான் 22 வருஷமாக பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். முதலில் ஒன்று. குழாயை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பத்து நிமிஷ வேலை. ஷவரையும் அப்படித்தான். சுவருக்குள் போகிற பைப்பை அடுத்த வாரம் விட்டால் இனி டைல்ஸை உடைத்துத்தான் மாற்ற முடியும். அதனால் கையில் இருக்கிற காசை முதலில் சுவருக்குள் போடுங்கள். பளபளக்கிற ஷவரை அடுத்த தீபாவளி போனஸில் வாங்கிக்கொள்ளலாம்.

ஃபிளஷ் லைன் போடும்போது தமிழ்நாட்டில் பத்துக்கு எட்டு வீட்டில் நடக்கிற தவறு ஒன்றைச் சொல்கிறேன், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நம் டாய்லெட்டில் சிஸ்டர்ன் பக்கத்திலேயே ஹெல்த் பாசெட், அதாவது கழுவிக்கொள்கிற கை ஷவர், தொங்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாயின்ட் எடுத்து, அதை இரண்டாகப் பிரிக்கிற டூ-வே ஆங்கிள் காக் மாட்டிவிடுவது எங்கள் ஆட்களுக்குக் கைப்பழக்கம். நீங்கள் சிஸ்டர்னுக்கு போர் தண்ணீரோ, பின்னால் சுத்திகரித்த தண்ணீரோ விட்டால் அதே தண்ணீர் ஹெல்த் பாசெட்டிலும் வரும். கழுவிக்கொள்கிற தண்ணீர் அது, உடம்பில் படுகிறது. ஆகவே ஒவ்வொரு டாய்லெட்டிலும் இரண்டு தனிப் பாயின்ட் வேண்டும். சிஸ்டர்ன் பாயின்ட் ஃபிளஷ் லைனிலிருந்து, ஹெல்த் பாசெட் பாயின்ட் நல்ல தண்ணீர் லைனிலிருந்து. ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம் வைத்துவிட்டால் நாளைக்கு வேறு ஆள் வந்து ரிப்பேர் செய்தாலும் குழம்ப மாட்டார். நான் ஃபிளஷ் லைனுக்கு வெள்ளை யூபிவிசி, நல்ல தண்ணீருக்கு மஞ்சளாக இருக்குமே அந்த சிபிவிசி என்று நிறத்திலேயே பிரித்துவிடுவேன். சிபிவிசி சுடுதண்ணீரைத் தாங்குகிற பைப். ஃபிளஷ்ஷில் போவது பச்சைத் தண்ணீர்தானே, அதற்கு சிபிவிசி தேவையே இல்லை. இதிலேயே உங்கள் 38,000-இல் கொஞ்சம் குறையும், இன்ஜினியரிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு லைனும் எங்கேயும் ஒரு வால்வு வைத்துக்கூட இணையக் கூடாது. "டேங்க் காலியானால் இதைத் திறந்து அதை ஓட்டிக்கலாம் சார்" என்று யாராவது நடுவில் ஒரு பால் வால்வு போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த வால்வு ஒரு நாள் திறந்தே கிடக்கும், உப்புத் தண்ணீர் சமையலறை வரை வரும்.

இப்போது உங்கள் வீட்டம்மாவின் பயம். அது நியாயமான பயம்தான். ஷவர் அட்டையில் நிமிஷத்துக்கு 6 லிட்டர், 8 லிட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் அளந்த கணக்கு. உங்கள் மேல் தளத்தில் அந்த அழுத்தம் எங்கே இருக்கிறது? மாடியில் 5 அடி மேடை கட்டி அதில் டேங்க் வைக்கிறீர்கள், ரூஃபுக்குக் கீழே 3 அடியில் ஷவர். மொத்தம் 8 அடி. 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் என்றால் 8 அடிக்கு கால் பார்கூட வராது. அந்த இடத்தில் மேலும் தண்ணீரைக் குறைக்கிற ஷவரை மாட்டினால் சொட்டத்தான் செய்யும். மேல் தளத்துக்கு, குறைந்த அழுத்தத்துக்கு என்றே வருகிற சாதாரண ஷவர் போதும், அது தானாகவே குறைவாகத்தான் செலவழிக்கும். குழாய் முனையில் தண்ணீரோடு காற்றைக் கலந்து விடுகிற எரேட்டரை கீழ் தளத்து வாஷ் பேசினுக்கும் கிச்சன் சிங்க்குக்கும் போடுங்கள், அங்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும். உப்புத் தண்ணீர் என்கிறீர்கள், அதனால் மாதம் ஒரு தடவை எரேட்டரைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் அரை மணி நேரம் போட்டுவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் சுண்ணாம்பு அடைத்து, "இந்தச் சனியன் வேண்டாம்" என்று நீங்களே கழற்றி எறிந்துவிடுவீர்கள், நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

கீசர் எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். முக்கால் இஞ்ச் பைப்பில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். கீசர் 12 மீட்டர் தள்ளி இருந்தால் சுடுதண்ணீர் வருவதற்குள் 3 லிட்டர் பச்சைத் தண்ணீர் கீழே போகும், காலையில் ஆறு பேர் இடைவெளி விட்டுக் குளித்தால் ஆறு தடவை. கீசரை அந்தந்த பாத்ரூமிலேயே வைத்து, ஹாட் லைனை அரை இஞ்ச்சில் குட்டையாக ஓட்டுங்கள். பைப்பைக் குட்டையாக ஓட்டுவதற்கு ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது.

மண்வெட்டி:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், அதனால் நான் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6 பேர் வீடு. பழைய 10 லிட்டர் சிஸ்டர்னில் ஆளுக்கு ஐந்து தடவை என்றால் நாளுக்கு 300 லிட்டர். 6 லிட்டர், 3 லிட்டர் என்று இரண்டு பட்டன் இருக்கிற சிஸ்டர்ன் வைத்தால் ஆளுக்கு ஒரு பெரியது, நான்கு சின்னது, மொத்தம் 18 லிட்டர். ஆறு பேருக்கு 108. ஆக 192 லிட்டர் அந்த சிஸ்டர்னாலேயே மிச்சம், அதுவும் இன்றைக்குக் கடைக்குப் போனால் இந்த சிஸ்டர்ன்தான் கிடைக்கும். மீதி 108 லிட்டருக்காக 38,000 ரூபாய் போட்டு ஒரு தனி லைன், ஒரு தனி டேங்க், ஒரு தனி மோட்டார் பாயின்ட். இது கணக்குக்குச் சரியாக வருகிறதா?

இன்னொன்று, விதி என்று போட்டுவிட்டால் மட்டும் வேலை நடந்துவிடாது. 2003-இல் எங்கள் தெருவில் மொட்டை மாடியிலிருந்து ஒரு பைப்பை இறக்கி அரை அடி மண்ணில் சொருகிவிட்டு, அதைக் காட்டி ரசீது வாங்கினார்கள். அந்தக் குழியில் ஜல்லியும் இல்லை, மணலும் இல்லை. இருபது வருஷம் கழித்துத் தோண்டினால் களிமண்தான் இருந்தது. நியாயமாகச் செய்தவர்கள் கிணற்றில் தண்ணீர் ஏறியது, அதையும் நான் பார்த்தேன். ஆனால் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத விதி சின்னக் குடும்பத்துக்குச் செலவு மட்டும்தான் வைக்கும்.

ஓஎம்ஆர்_குடியிருப்பு:

மண்வெட்டி சொல்வதில் பாதியை என் அனுபவத்தில் ஒப்புக்கொள்கிறேன். சோழிங்கநல்லூர் பக்கம் 400 வீடுகளுக்கு மேல் உள்ள குடியிருப்பில் சங்கச் செயலாளராக இரண்டு வருஷம் இருந்தேன். எங்களுக்கு இரட்டை பைப் உண்டு, அனுமதி நிபந்தனைக்காக பில்டர் போட்டுக் கொடுத்தது. குடிவந்த ஆறு மாதத்தில் டாய்லெட்டில் நாற்றம், சிஸ்டர்னுக்குள் பழுப்பாகப் படிவு. ஆளாளுக்குப் புகார். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால் காற்று ஊதும் பிளோயர் பாதி நேரம் நிறுத்தியே கிடக்கிறது, கரண்ட் பில் குறையட்டும் என்று. அதற்குள் சில பேர் தங்கள் பிளம்பரை வைத்து சிஸ்டர்னை நல்ல தண்ணீர் லைனுக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்படி மாற்றிய ஒரு வீட்டில்தான் விபரீதம். பழைய லைனை மூடாமல் இரண்டையும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு இணைத்திருக்கிறார் அந்த பிளம்பர். அதே ஷாஃப்டில், அதாவது பைப்புகள் இறங்குகிற சந்தில், கீழே இருக்கிற வீட்டு வாஷ் பேசினில் நுரை வந்தது. ஒரு கைக்குழந்தை இருந்த வீடு அது. அன்றைக்கு நான் தூங்கவில்லை.

அண்ணாச்சி இரண்டு லைனும் இணையவே கூடாது என்றாரே, அதை நூறு முறை படியுங்கள்.

எப்படிச் சரிசெய்தோம் என்றும் சொல்கிறேன். மொட்டை மாடியில் இருக்கிற ஃபிளஷ் டேங்கில் மட்டும் கொஞ்சம் சொட்டு நீலத்தைக் கலந்து ஓடவிட்டு, மாடி மாடியாக ஏறி எந்தக் குழாயில் நீலம் வருகிறது என்று பார்த்தோம். மூன்று வீடு மாட்டியது. பிளோயரை நிறுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். அதற்கப்புறம் நாற்றம் போய்விட்டது, இப்போது கோடையில் நாங்கள் வாங்குகிற லாரி கண்ணால் பார்க்கிற அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆகவே பைப் போட்டதில் தவறில்லை, போட்டுவிட்டு மறந்ததுதான் தவறு.

அதே சொட்டு நீலத்தை உங்கள் சிஸ்டர்னிலும் நாலு சொட்டு விட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் கழித்து டாய்லெட் கோப்பையைப் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் ஒழுகுகிறது. சத்தமே இல்லாமல் ராத்திரி முழுக்கப் போகும் தண்ணீர் அது.

அபார்ட்மென்ட் கட்டப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தண்ணீர் ஒரே இடத்தில் உள்ளே வருகிற மாதிரி பைப் போடச் சொல்லுங்கள். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு டாய்லெட்டுக்கும் அதனதன் ஷாஃப்டில் தனியாக லைன் இறங்குகிறது, கிச்சனுக்கு ஒன்று, யூட்டிலிட்டிக்கு ஒன்று. மீட்டர் வைக்க வேண்டுமென்றால் ஒரு வீட்டுக்கு ஐந்து மீட்டர். இதனாலேயே மூன்று தடவை பொதுக்குழுவில் மீட்டர் தீர்மானம் விழுந்துவிட்டது. எவ்வளவு செலவழித்தாலும் ஒரே பராமரிப்புக் கட்டணம் என்று இருக்கும் வரை யாருக்கு மிச்சம் பிடிக்கத் தோன்றும்?

ஜூரோங்_மீனா:

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், இங்கே எப்படி என்று சொன்னால் விதி பற்றிய வாதத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன். இங்கே 2009 ஜூலையிலிருந்து புதுக் கட்டடத்திலும், பழையதைப் புதுப்பிக்கும்போதும் குறைந்த நீர் சிஸ்டர்ன்தான் மாட்ட வேண்டும், பெரிய ஃபிளஷ்ஷே 4.5 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அப்போது வைத்தார்கள். குழாய், சிஸ்டர்ன் மீதெல்லாம் டிக் குறியோடு ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். தண்ணீரை அதிகம் குடிக்கிற சாமானைக் கடையில் விற்கவே விடவில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். வீடு வீடாக அதிகாரி வந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. 2003-இல் ஆளுக்கு நாளுக்கு 165 லிட்டராக இருந்தது, 2018 வாக்கில் 141 ஆக இறங்கியது. எல்லாமே சிஸ்டர்னால் வந்தது என்று சொல்ல மாட்டேன், தண்ணீர் விலையையும் ஏற்றினார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊரில் எங்கள் அப்பா வீட்டில் பழைய கோப்பையை வைத்துக்கொண்டு சிஸ்டர்னை மட்டும் சின்னதாக மாற்றினார்கள். 6 லிட்டர் அந்தக் கோப்பையைக் கழுவவில்லை, எல்லோரும் இரண்டு தடவை அழுத்தினார்கள். கோப்பையும் சிஸ்டர்னும் ஒரே ஜோடியாக வாங்குங்கள்.

பைப்_அண்ணாச்சி:

மீனா அம்மா சொன்னது ரொம்பச் சரி. அதோடு டிரெயின் பைப்பின் வாட்டத்தையும் பார்க்க வேண்டும். 4 இஞ்ச் பைப்பில் 10 லிட்டர் அடித்துக்கொண்டு போன காலத்தில் வாட்டம் ஏனோதானோ என்று இருந்தாலும் ஓடிவிட்டது. 3 லிட்டரில் அது நடக்காது. லெவல் டியூப் வைத்து, நான்கு அடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம் இருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். முழங்கை வளைவுகளுக்கு 90 டிகிரி எல்போ ஒன்று போடாமல் 45 டிகிரி இரண்டு போடச் சொல்லுங்கள்.

மண்வெட்டி அண்ணே, உங்கள் கணக்கு சரியான கணக்கு, மறுக்கவில்லை. இரண்டு பட்டன் சிஸ்டர்னை முதலில் வைக்க வேண்டும், அதுதான் பெரிய மிச்சம். ஆனால் மீதி 108 லிட்டரை வெறும் அளவாகப் பார்க்காதீர்கள். ஏரிக்கரை சாருக்கு போர் தண்ணீர் உப்பு. கோடையில் நல்ல தண்ணீரை லாரியில்தான் வாங்குவார். வருஷத்தில் நான்கு மாதம் லாரி என்று வைத்தாலும் 108-ஐ 120 நாளால் பெருக்கினால் 13,000 லிட்டர், ஒரு பெரிய லாரி. பணமாகப் பார்த்தால் பெரிசு இல்லைதான். ஆனால் லாரியே வராத வாரத்தில் அந்த உப்புத் தண்ணீர் டாய்லெட்டை ஓட்டிவிடும், மேலே இருக்கிற நல்ல தண்ணீர் சமைக்கவும் குடிக்கவும் நிற்கும். 2019-இல் அவர் அம்மா பச்சை பக்கெட் வைத்த வேலையை இந்த லைன் செய்யும். அதற்குத்தான் இது.

காசு நெருக்கடி என்றால் பைப்பை மட்டும் இப்போது புதைத்து, மாடியில் பைப் முனைக்கு எண்ட் கேப் என்கிற மூடி போட்டு விட்டுவிடுங்கள். டேங்க், மோட்டார் பாயின்ட் எல்லாம் பிற்பாடு. கீழே சிஸ்டர்ன் பாயின்ட்டிலும் கேப் போட்டுவிட்டு, தற்காலிகமாக நல்ல தண்ணீர் பாயின்ட்டிலிருந்தே சிஸ்டர்னுக்கு எடுங்கள். மாற்றுகிற அன்றைக்குப் பழையதைக் கழற்றி கேப் போட வேண்டும், டீ போட்டு இணைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வேலை, இதையும் சுவர் திறந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள். உங்களுக்குச் செப்டிக் டேங்க். குளித்த தண்ணீரும் வாஷிங் மெஷின் தண்ணீரும் அதற்குள் ஏன் போக வேண்டும்? டாய்லெட் பைப்பைத் தனியாகவும், குளியல், துவைக்கிற தண்ணீர் பைப்பைத் தனியாகவும் கீழே இறக்குங்கள். பாத்ரூம் தரையில் தண்ணீர் வடிகிற டிராப்பை டாய்லெட் பைப்பில் சேர்ப்பது எங்கள் ஆட்கள் செய்கிற குறுக்கு வழி, அதை விடாதீர்கள். குளித்த தண்ணீரைக் காம்பவுண்டு ஓரம் கல்வாழைப் பாத்தியில் விட்டால் செடி நன்றாக வரும், தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கும். கிச்சன் தண்ணீர் மட்டும் அதில் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு பாத்தியை அடைத்துவிடும். குளித்த தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவைத்து ஃபிளஷ்ஷுக்கு ஏற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். சுத்திகரிக்காமல் ஒரு நாளைக்கு மேல் வைத்தால் முட்டை அழுகின வாடை வரும், தனி வீட்டுக்கு அது ஒத்துவராது.

பழைய_பொறியாளர்:

மழைநீரையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் கணக்குக்கு 1,30,000 லிட்டர், வழியில் போவது போக ஒரு லட்சமாவது கைக்கு வரும். முதல் மழையின் அழுக்கை வெளியே விட ஒரு வால்வு வைத்து, ஒரு பங்கை சம்ப்புக்கும் மீதியைக் கிணற்றுக்கும் திருப்புங்கள். மண்வெட்டி சொன்ன மாதிரி அரை அடி மண்ணில் சொருகின குழி வேண்டாம், களிமண்ணைத் தாண்டி மணல் படுகிற வரை தோண்டச் சொல்லுங்கள். உப்புப் போர் பக்கத்திலேயே நல்ல நீரை இறக்கினால் நாளடைவில் உப்பு குறைய வாய்ப்பு உண்டு, நீங்களே நாக்கில் பாருங்கள்.

பெங்களூருவில் 2024 மார்ச்சில் நெருக்கடி வந்த பிறகுதான் வணிகக் கட்டடங்களிலும் அடுக்குமாடிப் பொதுக் குழாய்களிலும் எரேட்டர் கட்டாயம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. தண்ணீர் தீர்ந்த மாதத்தில் உத்தரவு போட்டால் எரேட்டரைத்தான் மாட்ட முடியும். சுவருக்குள் இருக்கிற பைப்பை மாற்ற முடியாதே. நம் மாநிலத்தில் தனி வீடுகளுக்கும், குறைந்தது டாய்லெட்டில் அந்த இரண்டு பாயின்ட்டையாவது வரைபடத்திலேயே கேட்க வேண்டும் என்று நான் பணியில் இருந்தபோதே எழுதினேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

மண்வெட்டி:

சரி, அந்த எண்ட் கேப் யோசனை எனக்கும் ஏற்புடையதுதான். பைப்பை மட்டும் புதைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டுச் சொல்லுங்கள் ஏரிக்கரை, நானும் அண்ணன் வீட்டுக்குக் கணக்குப் போடுகிறேன்.

ஏரிக்கரை82:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இன்ஜினியரை சைட்டில் வைத்து அண்ணாச்சி எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். டூ-வே ஆங்கிள் காக் பற்றிப் படித்ததும் பிளம்பர் தம்பி தன் பையைத் திறந்து, எங்களுக்காக வாங்கிவைத்திருந்த நான்கையும் எடுத்துக் காட்டினார். அதைத்தான் மாட்ட இருந்தாராம். திருப்பிக் கொடுத்துவிட்டு எட்டு சாதா ஆங்கிள் காக் வாங்கிவரச் சொல்லிவிட்டேன்.

ஃபிளஷ் லைன் யூபிவிசியில், டேங்க் இல்லாமல், பைப்பும் கூலியும் மட்டும் என்றால் 14,500 ரூபாய் என்கிறார். போடுகிறோம். டேங்க் சித்திரைக்குள் வைத்துவிடுவோம். குளியல் தண்ணீர் பைப் தனியாக இறங்குகிறது, கீசர் மேல் தளத்தில் இரண்டு பாத்ரூமுக்கும் நடுச்சுவரில். ஷவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியும் ஒப்புக்கொண்டார். கல்வாழைக் கிழங்கை அப்பா இப்போதே யாரிடமோ கேட்டு வாங்கிவந்து சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன், எந்த லைன் எங்கே போகிறது என்று பின்னால் யார் வந்தாலும் தெரியட்டும் என்று. அண்ணாச்சி, ஒரு கடைசிக் கேள்வி. பிரஷர் டெஸ்ட்டை இரண்டு லைனுக்கும் சேர்த்துச் செய்யலாமா, தனித்தனியாகவா?

பைப்_அண்ணாச்சி:

தனித்தனியாகத்தான். ஒரு லைனில் டெஸ்ட் பம்ப்பை மாட்டி அழுத்த மீட்டரின் முள்ளை ஏற்றிவிட்டு, இன்னொரு லைனின் கேப்பைக் கழற்றித் திறந்துவையுங்கள். அதில் ஒரு சொட்டுக்கூட வரக் கூடாது. அப்புறம் மாற்றிச் செய்யுங்கள். ராத்திரி முழுக்க அழுத்தத்தில் விட்டுவிட்டுக் காலையில் முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், அதுவரை பூச்சு மேஸ்திரியை பாத்ரூமுக்குள் விட வேண்டாம்.